அறுபது பாகை

கரண்ட் போனது பகல் பதினொன்று இருபதுக்கு.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையென்று
வாசலிலேயே சொல்லிவிட்டார் பியதிலக.
மே மாதம். பொரளைச் சந்தி முழுக்க ஒரே வெக்கை.
கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டு
"அவிஞ்சு செத்தோம்" என்றாள் நில்மினி.
நான் இன்குபேட்டரின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அறுபது. ஐம்பத்தெட்டு.
உள்ளே அவற்றுக்குக் குளிரத் தொடங்கியிருந்தது.

மகாஓயாவிலிருந்து வந்தவை.
முட்டை அவியுமா என்று பொடியன்கள் பந்தயம் பிடிக்கும்
வெந்நீர்க் குழியின் விளிம்பில்
மஞ்சளாய் ஒட்டிக் கிடந்தன,
யாரோ கறி சிந்திவிட்டுத் துடைக்க மறந்ததுபோல.
அகார் இவற்றின் சூட்டில் தளரும் என்று
வேறொரு பிசினுக்கு எழுதிப்போட்டோம்.
அது எட்டு மாதம் சுங்கத்தில் கிடந்தது.
தட்டுகள் காயாமல் ஈரத்துணி சுற்றி
லஞ்ச் ஷீட்டில் பொதிந்து வைப்போம்,
சோற்றுப் பார்சல் மாதிரி.

பட்டப்படிப்பில் எழுதிப் புள்ளி வாங்கிய விடை ஒன்று:
மரபிழை ஏணியில் சில படிகள்
இரண்டு கையால் பிடித்திருக்கும், சில மூன்று கையால்.
சூட்டில் வாழ்பவை மூன்று கைப் படிகளை நிறைய வைத்திருக்கும்,
அதனால் உருகாது.
அழகான விடை. பிழை.
கொதிநீரில் இரண்டு கைக்காரரும் இருக்கிறார்கள், சுகமாக.
விசயம் வேறெங்கோ, பல இடங்களில் கிடக்கிறது.
புரதத்தின் மடிப்புக்குள் நேரும் எதிரும்
கொக்கி போட்டுக்கொள்வதில்,
தொங்கும் நுனிகளைக் குறுக்கிக்கொள்வதில்,
கிழிந்ததைக் கிழிந்த கையோடு தைத்துவிடுவதில்.
ஒரு வரியில் எழுது என்றால்
இப்போது எனக்குப் பூச்சியம்தான்.

இவற்றின் தூரத்து உறவொன்றின் நொதிதான்
மூக்கில் குச்சி விட்ட அந்த வருசம்
எங்கள் மாடியில் நாலு கதவை மூட வைத்தது.
தொண்ணூற்றைந்தில் இழை பிரியும்
எழுபத்திரண்டில் பிரதி எடுக்கும்
திரும்பவும் தொண்ணூற்றைந்து.
நாற்பது தரம், முகம் சுளிக்காமல்.

இன்னொரு பழக்கமும் உண்டு.
பக்கத்தில் ஒன்று வெடித்துச் செத்தால்
சிந்திய இழையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
பசிக்குத்தான் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.
சிலவேளை அந்தத் துண்டு
தன் வாக்கியத்துக்குள் பொருந்திவிடும், பிறகு
யாருடையது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.
நில்மினியின் "அனே" என் வாய்க்குள் எப்போது வந்தது?
அவள் கைதவறிக் குழாயை உடைத்தால்
"ஐயோ கடவுளே" என்கிறாள், முழுசாக.

இரண்டரைக்கு நாற்பத்தொன்று.
கண்டீன் விறகடுப்பில் தண்ணீர் கேட்டு வாங்கி
ஆறவிட்டு, அளந்து,
மூன்று குழாய்களை இறுக மூடித்
தேத்தண்ணீர்ப் பிளாஸ்கில் இறக்கினேன்.
155 வர ஒரு மணித்தியாலம்.
"இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் நெருக்க
மடியில் அணைத்தபடி இருந்தேன்.
பக்கத்து அம்மா கேட்டார்,
"கஞ்சியா மகள்? வீட்டில காய்ச்சலா?"
ஓம் என்றேன்.
"சூட்டோட குடுங்கோ" என்று
தன் சேலைத் தலைப்பை மூடியின்மேல் போட்டுவிட்டார்.
தெமட்டகொடையில் இறங்கும்வரை எடுக்கவில்லை.

வீட்டில் காஸ் கால் சிலிண்டர்.
அடுத்தது எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது.
சட்டியில் நீர், அதில் குழாய்கள், வெப்பமானி.
ஜெயரூபன் எட்டிப் பார்த்து
"பருப்பா?" என்றான்.
பதில் சொல்லாமல் நெருப்பைக் குறைத்தேன்.

குளிர்ந்தால் இவை சாகா.
பிரிவதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும்,
திரும்பச் சூடு வருமட்டும்.
அது எனக்குத் தெரியும்.
ஜெயரூபனுக்கு அதைச் சொல்லவில்லை.
இரவு ஒன்பதுக்கு ஐம்பத்தொன்பது அரை.
தேத்தண்ணீர் நாளைக்குப் பார்ப்போம்.